நான்கு தாய்மாரின் வகையறா

இங்கிலாந்தின் தென்மேற்கில், குளோஸ்டர்ஷையர் மாவட்டத்தில், காட்ஸ்வோல்ட்ஸ் என்றொரு மேட்டுநிலம். சுண்ணாம்புக்கல் பூமி. மண் கொஞ்சம்தான், அதன் அடியில் பலகை பலகையாகக் கல். ஊர்களின் வீடுகள், வயல்களின் மதில்கள், மாதாகோயில்கள் எல்லாம் அந்தக் கல்லாலேயே கட்டியவை. புதிய கற்காலத்தில் அங்கே உழுதவர்களும் அதே கல்லைத்தான் எடுத்தார்கள். அவர்கள் கட்டியவற்றில் இன்று எஞ்சியிருப்பவை கல்லறை மேடுகள். நீளமாக, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி, உள்ளே கல் அறைகளோடு கூடிய மேடுகள்.

அவற்றில் ஒன்று ஹேசல்டன் என்ற சிற்றூருக்கு அருகே, உழவு வயலின் நடுவே இருந்தது. ஹேசல்டன் நார்த் என்று அதற்குப் பெயர். ஒவ்வோர் ஆண்டு உழவிலும் கலப்பை அந்த மேட்டைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டிருந்தது. அது போவதற்குள் உள்ளே இருப்பதை அறிந்துவிட வேண்டும் என்று 1979இல் அகழாய்வு தொடங்கியது. ஆலன் சேவில் என்ற தொல்லியலாளர் தலைமையில் 1982 வரை வேலை நடந்தது. இத்தகைய மேடுகளை அதற்கு முன் திறந்தவர்கள் பலரும் புதையல் தேடுபவர்களைப் போல உச்சியில் ஒரு குழி வெட்டி, அறைக்குள் இறங்கி, மண்டையோடுகளை எடுத்துப் போனவர்கள். சேவிலின் குழு அப்படிச் செய்யவில்லை. மேட்டைக் கல் கல்லாகப் பிரித்தது. எந்த எலும்பு எந்த அறையில், எந்த மூலையில், எதன் மேல், எதன் கீழ் கிடந்தது என்பதையெல்லாம் வரைந்து குறித்தது. அறிக்கை 1990இல் வெளிவந்தது. அந்தக் குறிப்புகளின் முழுப் பயன் தெரிய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

மேடு ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். அதன் இரு பக்கமும் கல் வெட்டிய பள்ளங்கள். அங்கிருந்து எடுத்த கல்லை வெறுமனே கொட்டிக் குவிக்கவில்லை. நடுவே நீளவாக்கில் ஒரு முதுகெலும்பு போலக் கல்வரிசை அமைத்து, அதன் இருபுறமும் பெட்டி பெட்டியாகச் சுவர் எழுப்பி, ஒவ்வொரு பெட்டியையும் கல்லால் நிரப்பியிருக்கிறார்கள். வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டு குழுக்களாகச் செய்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. மேற்கு முனையில் வாசல் முற்றம் போன்ற அமைப்பு. ஆனால் உள்ளே போகும் வழி அங்கே இல்லை. வடக்குப் பக்கத்தில் ஒரு வாசல், தெற்குப் பக்கத்தில் ஒரு வாசல். ஒவ்வொன்றிலிருந்தும் குறுகிய நடைவழி உள்ளே போய், முழங்கை மடக்கியதுபோல் திரும்பி, ஒரு சிறிய கல் அறையில் முடிகிறது. இரண்டு அறைகளும் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒரே மேட்டுக்குள் இரண்டு தனித்தனிக் கல்லறைகள். இந்த இரட்டை அமைப்பு ஏன் என்பதற்கு அப்போது யாரிடமும் விடையில்லை.

மேட்டை முழுவதும் எடுத்த பிறகு அதன் அடியில் பழைய நிலத்தளம் வெளிப்பட்டது. அங்கே அடுப்பெரித்த இடம், குப்பைமேடு, தூண் நட்ட குழிகள், தானியம், ஹேசல் கொட்டையின் ஓடுகள். கல்லறைக்கு முன்பே மக்கள் அங்கே தங்கிச் சமைத்து உண்டிருக்கிறார்கள், நிலத்தைக் கொத்திப் பயிரும் செய்திருக்கிறார்கள். பழகிய இடத்தைத்தான் தங்கள் இறந்தவர்களுக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

அறைகளுக்குள் எலும்புகள் கலைந்து கிடந்தன. ஒருவரின் தொடையெலும்பு இன்னொருவரின் விலா எலும்புகளோடு, குழந்தையின் தாடை பெரியவரின் தோளெலும்புக்கு அடியில் என்ற நிலை. உடல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்து, புதியவருக்கு இடம்விட்டு முன்னவரின் எலும்புகளை ஒதுக்கியதால் நேர்ந்த கலப்பு அது. முழு உருவோடு கிடைத்தவர்களில் குறிப்பிடத்தக்கவர், வடக்கு வாசலில் கிடத்தப்பட்டிருந்த ஓர் ஆண். கைக்கு அருகே ஒரு சுத்தியல் கல், முழங்கைக்கு அருகே கருவிகள் சீவி எடுக்கும் ஒரு சிக்கிமுக்கிக் கல். தொல்லியலாளர்கள் அவரைக் ‘கல் கொத்தும் மனிதர்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

இப்படிக் கலைந்த எலும்புகளை வைத்து நெடுங்காலமாக ஒரு கருத்து நிலவியது. புதிய கற்கால மக்கள் இறந்தவரின் தனி அடையாளத்தை வேண்டுமென்றே அழித்தார்கள். பெயரும் முகமும் இல்லாத ‘மூதாதையர்’ என்ற ஒற்றைக் கூட்டமாக எல்லோரையும் கலந்துவிட்டார்கள் என்பது அந்தக் கருத்து. கேட்க நன்றாகவே இருக்கும். மாற்றிச் சொல்லச் சான்றும் இருக்கவில்லை. இன்னொரு நம்பிக்கையும் அதோடு ஒட்டியிருந்தது. இந்த மேடுகள் பல நூற்றாண்டுகள், சில வேளை ஆயிரம் ஆண்டுகள்கூடப் புழக்கத்தில் இருந்தன என்று எண்ணினார்கள்.

முதலில் ஆட்டம் கண்டது இரண்டாவது நம்பிக்கை. கரிமக் காலக்கணிப்பு மட்டும் ஓர் எலும்பின் வயதைத் துல்லியமாகச் சொல்லாது. நூறு, இருநூறு ஆண்டு இடைவெளிக்குள் எங்கோ என்றுதான் சொல்லும். அப்படிப்பட்ட பல கணிப்புகளை அடுக்கிப் பார்த்தால், உண்மையில் சில பத்தாண்டுகளுக்குள் நடந்தவையும் நூற்றாண்டுகளுக்குப் பரவியவைபோல் தெரியும். இந்தத் தோற்றத்தைக் களையப் புள்ளியியல் உதவியது. இந்த எலும்பு அந்த எலும்புக்கு மேலே கிடந்தது, எனவே பிந்தியது. இந்தக் கட்டுமானம் முடிந்த பிறகே இவர் உள்ளே வந்திருக்க முடியும் என்ற அகழாய்வுச் செய்திகளையும் கணக்கில் சேர்த்தால் இடைவெளி சுருங்கும். 2007இல் அலெக்ஸ் பெய்லிஸ், அலஸ்டர் விட்டில் முதலியோர் தென் இங்கிலாந்தின் நீள்மேடுகள் சிலவற்றுக்கு இந்த முறையில் கணக்கிட்டு வெளியிட்டார்கள். புகழ்பெற்ற வெஸ்ட் கென்னட் மேட்டில் முதல் அடக்கங்கள் பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்டன என்று தெரிந்தது. ஹேசல்டன் மேடு கி.மு. 3700ஐ ஒட்டிய பத்தாண்டுகளில் கட்டப்பட்டு, சில தலைமுறைகளே புழங்கியது. அப்படியானால் கடைசியாக அங்கே ஒருவரைக் கொண்டுவந்து வைத்தவர்களுக்கு, முதலில் வைக்கப்பட்டவர் யார் என்பது தாத்தா பாட்டி சொல்லித் தெரிந்திருக்கும்.

அதற்கு மேல் போக மரபணு தேவைப்பட்டது. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஃபௌலர் முதலான தொல்லியலாளர்களும், ஹார்வர்டு, வியன்னா, பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மரபியலாளர்களும் சேர்ந்து ஹேசல்டன் எலும்புகளிலிருந்தும் பற்களிலிருந்தும் 35 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். முடிவுகள் 2021 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. அந்த 35 பேரில் 27 பேர் ஒரே குடும்பம். ஐந்து தலைமுறை. பழங்கால மரபணுவிலிருந்து இவ்வளவு பெரிய கொடிவழியை மீட்டது அதுவே முதல் முறை.

ஐயாயிரத்து எழுநூறு ஆண்டுக்கு முந்தைய எலும்பில் மரபணு முழு இழையாக இருக்காது. மிகச் சிறு துண்டுகளாக நொறுங்கியிருக்கும். துண்டுகளின் நுனியில் சைட்டோசின் என்ற எழுத்து காலப்போக்கில் சிதைந்து வேறோர் எழுத்துபோல் படிக்கப்படும். அந்தச் சிதைவே பழமைக்கு முத்திரை: தொட்டுக் கையாண்டவரின் புதிய மரபணு கலந்திருந்தால் அதில் இந்தத் தேய்மானம் இராது. உடலில் மிகக் கெட்டியான எலும்பு உட்காதைச் சுற்றி இருக்கிறது. அதிலும் பற்களிலும்தான் மரபணு அதிகம் தங்கும். சுண்ணாம்புக்கல் நிலமும் எலும்பைக் காப்பாற்றிக் கொடுத்தது. அமில மண்ணாக இருந்திருந்தால் எலும்பே எஞ்சியிருக்காது.

உறவைக் கண்டுபிடிப்பது எப்படி? நம் ஒவ்வொருவரிடமும் மரபணுத் தொகுதி இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்று தாயிடமிருந்து, ஒன்று தந்தையிடமிருந்து. பெற்றவரையும் பிள்ளையையும் ஒப்பிட்டால் தொகுதியின் எந்த இடத்தை எடுத்தாலும் ஒரு பிரதி பொருந்தும். உடன்பிறந்தோரிடம் சில இடங்களில் இரண்டு பிரதிகளும் பொருந்தும், சில இடங்களில் ஒன்று, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. சராசரியாகப் பார்த்தால் இரண்டு உறவுக்கும் பாதிப் பங்குதான், ஆனால் பங்கு பரவியிருக்கும் விதம் வேறு. எனவே தாயையும் தமக்கையையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

கால் பங்கு உறவுகளில் சிக்கல் வருகிறது. தாத்தா பேரன், சித்தப்பா அண்ணன் மகன், மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் இவர்கள் எல்லோருக்கும் இடையே பங்கு ஏறத்தாழக் கால்தான். இங்கே வேறு சாட்சிகள் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து மட்டும் வருவது, ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. இரு ஆண்கள் கால் பங்கு உறவினர். ஒய் ஒன்று, மைட்டோகாண்ட்ரியா வேறு என்றால் அவர்கள் ஒரே தந்தைக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்தவர்களாக இருக்கலாம், தந்தை வழித் தாத்தா பேரனாகவும் இருக்கலாம். சிறு வயதில் இறந்தவர் தாத்தாவாக முடியாது என்பதால் எலும்பு சொல்லும் வயது ஒரு வழியை அடைக்கும். மூன்றாவது ஒருவர், நான்காவது ஒருவர் என்று உறவினர் சேரச் சேர, எல்லோருக்கும் ஒருசேரப் பொருந்தும் கொடி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். ஹேசல்டனில் உறவினர்கள் நெருக்கமாகவும் பலராகவும் இருந்ததால்தான் இது முடிந்தது. தனியாகக் கிடைக்கும் இரண்டு எலும்புக்கூடுகளை வைத்து இப்படிச் சொல்ல வழியில்லை.

அந்தக் கொடியின் தலையில் ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்கு நான்கு பெண்களிடம் பிள்ளைகள். நால்வரையும் ஒரே காலத்தில் மணந்திருந்தாரா, ஒருவர் இறக்க மற்றவரா என்பதை மரபணுவால் சொல்ல முடியாது. அவரிடமிருந்து கீழே இறங்கும் கண்ணிகள் மொத்தம் பதினைந்து. பதினைந்தும் ஆண்கள் வழியாகவே போகின்றன. இந்த மேட்டில் இடம்பெறும் உரிமை தந்தை வழியில் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த உரிமைக்குள்ளேதான் நான்கு தாய்மாரும் வருகிறார்கள். இரண்டு பெண்களின் வழிவந்தவர்கள் தெற்குப் பக்கம், மற்ற இருவரின் வழிவந்தவர்கள் வடக்குப் பக்கம். தெற்குப் பக்கத்து வகையறா எல்லாத் தலைமுறையிலும் அந்தப் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. வடக்கில் அந்த ஒழுங்கு கடைசிவரை நீடிக்கவில்லை. அங்கே நடைவழியின் கற்கள் சரிந்து அறைக்கான வழி அடைபட்டுப்போனது அதற்குக் காரணமாக இருக்கலாம். வடக்கு வாசலிலேயே கல் கொத்தும் மனிதரைக் கிடத்தியதும் உள்ளே போக வழியில்லாததால் இருக்கலாம்.

ஒரே மேட்டில் சேராத இரண்டு அறைகள் ஏன் என்ற பழைய கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. கட்டும்போதே இந்தக் குடும்பம் இரு கிளை என்பது தெரிந்து கட்டியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நான் இதில் நின்று யோசிப்பது வேறொன்றை. ஐந்தாம் தலைமுறையில் ஒருவர் இறக்கிறார். அவருடைய தந்தை, தந்தையின் தந்தை என்று மேலே போனால் எல்லோருக்கும் முடிவில் வருபவர் அந்த ஒரே மனிதர். அவரைப் பொறுத்தவரை வடக்குக்கும் தெற்குக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு தாத்தாவின் பாட்டியிடம்தான் இருக்கிறது. எழுத்தில்லாத ஒரு சமூகம், தந்தை வழியே உரிமை எண்ணிய ஒரு சமூகம், தன் இறந்தவரை எந்த வாசலுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்ய ஒரு முதல் தாயின் நினைவைத் தலைமுறை தாண்டி வைத்திருந்திருக்கிறது. எலும்புகள் கலந்ததால் அடையாளம் அழிந்தது என்ற பழைய கருத்துக்கு இதன் பின் இடமில்லை. எலும்புகள் கலந்தன, யார் யாருடைய பிள்ளை என்பது கலக்கவில்லை.

அந்த 27 பேருக்குள்ளேயே நான்கு ஆண்கள் சற்றுத் தனி. அவர்களின் தாய்மார் இந்தக் குடும்பத்து ஆண்களுக்கும் பிள்ளை பெற்றவர்கள். ஆனால் இவர்களுக்குத் தந்தை இந்தக் குடும்பத்தவர் இல்லை. ஒரு பெண் வேறொருவருக்குப் பெற்ற மகன், அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டின் கல்லறையில் அந்த வீட்டு மகனாகவே இடம் பெற்றிருக்கிறான். தந்தை வழிதான் உரிமை என்ற விதியை அவ்வளவு கறாராகப் பின்பற்றிய குடும்பமே அந்த விதிக்குள் மனைவியின் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டது. 27 பேர் போக மீதி எட்டுப் பேருக்கு இந்தக் கொடியோடு நெருங்கிய இரத்த உறவே இல்லை. அவர்களில் மூவர் பெண்கள். பிள்ளையில்லாத மனைவியராகவோ, பெண்மக்களை மட்டும் பெற்று மணமுடித்து அனுப்பியவர்களாகவோ இருந்திருக்கலாம். மற்ற ஐவரை இங்கே சேர்த்தது எது? நட்போ, தொழிலோ, வளர்ப்போ, வேறு கடமையோ. மரபணு இரத்தத்தை மட்டுமே அளக்கும் கருவி. இரத்தமல்லாத உறவு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டிக் கொடுத்ததும் அதுவே.

பெண்மக்கள் எங்கே? குடும்பத்தில் பிறந்து சிறு வயதிலேயே இறந்த இரு பெண் குழந்தைகள் இங்கே இருக்கிறார்கள். வளர்ந்து பெரியவளான ஒரு மகள்கூட இல்லை. பிறந்த வீட்டை விட்டுப் போய், புகுந்த வீட்டாரின் கல்லறையிலோ வேறெங்கோ அவர்கள் அடங்கியிருக்க வேண்டும். குலதெய்வக் கோயில் உரிமை பங்காளிகளுக்கு என்றும், மணமான பெண்ணுக்குப் புகுந்த வீட்டுத் தெய்வமே குலதெய்வம் என்றும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும். விளங்குவதற்கு மட்டுமே அந்த ஒப்பீடு. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை.

இவர்களை ஒரே இடத்தில் நிலைத்து வாழ்ந்த விவசாயிகள் என்று எண்ணிவிடுவதும் சரியல்ல. குழந்தைப் பருவத்தில் உருவாகும் பல் எனாமல், அப்போது உண்ட உணவும் குடித்த நீரும் வந்த நிலத்தின் ஸ்ட்ரான்ஷியம் விகிதத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளும். பாறைக்குப் பாறை அந்த விகிதம் வேறு. 2016இல் வெளியான ஆய்வில் ஹேசல்டன் பற்களை அளந்தபோது, அவர்கள் இடம் மாறி மாறி வாழ்ந்தவர்கள் என்பதற்கு ஒத்த முடிவுகள் கிடைத்தன. மாடுகளோடு நகர்ந்து திரிந்த மக்களுக்கு நகராமல் நின்ற ஓர் இடம் இந்த மேடு என்று நான் எண்ணுகிறேன்.

இதை வைத்துப் புதிய கற்காலம் முழுவதற்கும் ஒரே குடும்ப முறையை எழுதிவிட முடியாது. பிரான்சில் குர்ஜி என்ற இடத்தின் இடுகாட்டில், ஹேசல்டனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முற்பட்ட ஒரு குடும்பம் ஏழு தலைமுறை, 64 பேர் என்று 2023இல் வெளிப்பட்டது. அங்கும் தந்தை வழி, அங்கும் மகள்கள் வெளியே. ஆனால் மாற்றாந்தாய்ப் பிள்ளைகளே இல்லை. எல்லோரும் ஒரு தாய் ஒரு தந்தை மக்கள். அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் மேட்டில் அடங்கிய ஓர் ஆணின் பெற்றோர் மிக நெருங்கிய இரத்த உறவினர், உடன்பிறந்தோராகவோ பெற்றவரும் பிள்ளையுமாகவோ இருந்திருக்க வேண்டும் என்று 2020இல் தெரிந்தது. குர்ஜி, ஹேசல்டன், நியூகிரேஞ்ச் மூன்றும் விவசாயக் குடிகள்தான். மூன்றிலும் வீட்டுக்குள் நடந்தவை வேறு வேறு.

ஹேசல்டன் குடும்பத்தின் முன்னோர் பிரிட்டனுக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. கி.மு. 4000ஐ ஒட்டி ஐரோப்பியக் கண்டத்திலிருந்து கால்நடையும் தானியமும் கொண்டுவந்த விவசாயிகளின் வாரிசுகள் அவர்கள். அந்த விவசாயிகளின் மூலம் அனடோலியா வரை பின்னோக்கிப் போகிறது. அவர்களுடைய காலத்துக்குப் பிறகு, கி.மு. 2450 அளவில், மணிவடிவ மட்கலங்களோடு வேறு மக்கள் கண்டத்திலிருந்து வந்தார்கள். அதற்கடுத்த சில நூற்றாண்டுகளில் பிரிட்டனின் மரபணு வளத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு மாறிப்போனது. எனவே அந்த மேட்டைச் சுற்றி இன்று உழுபவர்களிடம் இந்த 27 பேரின் மரபில் மிகச் சிறிய பங்கே இருக்க முடியும்.

ஆலன் சேவில் 2016இல் காலமானார். தாம் எடுத்த எலும்புகள் ஒரு குடும்பமாகக் கூடியதை அவர் காணவில்லை. அவர் தோண்டியபோது பழைய எலும்பிலிருந்து மரபணு எடுக்கலாம் என்பதே யாருக்கும் தெரியாது. ஆனாலும் வடக்கு எலும்பையும் தெற்கு எலும்பையும் ஒரே பெட்டியில் போடாமல், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தோடு பதிந்து காப்பில் ஒப்படைத்தார். அந்தப் பதிவு இல்லாதிருந்தால், 35 பேரின் மரபணுவைப் படித்தும் நான்கு தாய்மாரின் கதை கிடைத்திருக்காது; ஒரு குடும்பம் என்ற அளவோடு நின்றிருக்கும். அகழாய்வு என்பது ஒருமுறைதான் செய்ய முடிகிற சோதனை. பிரித்த மேட்டை மீண்டும் கட்டிப் பிரிக்க முடியாது. என்ன கேள்வி வரும் என்று தெரியாத காலத்திலேயே விடைக்கு வேண்டியதைச் சேர்த்துவைப்பதுதான் அந்தத் தொழிலின் கடினமான பகுதி, அதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

வளர்ந்த மகள்களைத் தேட ஒரே வழி, சுற்றுவட்டாரத்தின் மற்ற மேடுகளில் கிடைத்த எலும்புகளைப் படிப்பது. அந்தக் காட்ஸ்வோல்ட்ஸ் வெளியில் அதே காலத்து நீள்மேடுகள் பல உள்ளன. ஹேசல்டனிலேயே இன்னொரு மேடு அருகில் இருக்கிறது. மரபணுவின் நீண்ட துண்டுகள் பொருந்துவதைக் கொண்டு, ஹேசல்டன் ஆண் ஒருவரின் தங்கை வேறொரு மேட்டில் அடங்கியிருந்தால் அவளை அடையாளம் காணலாம், அவளுடைய மகன் கிடைத்தாலும் போதும். மணமுடித்துப் போனவள் எவ்வளவு தூரம் போனாள், இரண்டே குடும்பங்கள் மாறி மாறிப் பெண் கொடுத்து எடுத்தனவா, அங்கே அவளுடைய பிள்ளைகளுக்கும் தாயை வைத்துத் தனி அறை இருந்ததா என்பவற்றுக்கு அப்போது நேரடி விடை கிடைக்கும்.